கைக்கு எட்டாத தூரம்

அவளுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. பெற்றவர்கள் வைத்தது ஒன்று, இயக்கம் வைத்தது ஒன்று, கலியாணப் பொருத்தம் பார்த்த சாத்திரியார் எழுத்தைக் கூட்டிக் குறைத்து வைத்தது இன்னொன்று. எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் ஒரே குரலில் ‘ஓம்’ என்பாள். நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். இதை எழுதும்போது ஒரு பெயரைப் போட்டால் மற்ற இரண்டு பேருக்கும் துரோகம் செய்த மாதிரி இருக்கிறது. அதனால் பெயர் வேண்டாம்.

திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், கடற்படை மதிலுக்கு எதிரே, எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு தையல் அறை இருந்தது. இப்போது அங்கே தொலைபேசிக் கடை. அப்போது பள்ளிக்கூடச் சீருடைதான் எங்களுக்கு முக்கிய வேலை, நான் அதற்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால் அளப்பது, வெட்டுவது, வேலை செய்கிறவர்களைத் திட்டுவது. மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

அவள் வந்த அன்று யன்னலோரம், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரு நல்ல மெசின் சும்மா இருந்தது. மற்றவர்கள் சண்டை பிடித்து எடுக்கிற இடம். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேரே மூலைக்குப் போய், சுவரில் முதுகு முட்டுகிற மாதிரிக் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்தாள். பகலிலும் வெளிச்சம் போதாத மூலை அது.

“என்ன தங்கச்சி, சுவருக்கு வாழ்க்கைப்பட்டிட்டீரோ?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா, இஞ்ச நல்ல காத்து.”

அந்த மூலையில் காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. வியர்த்து ஒழுக ஒழுகத் தைத்தாள், இடத்தை மட்டும் மாற்றவில்லை. துணியை ஒருமுறை பார்ப்பாள், உடனே கத்தரிக்கோலை வைப்பாள். “இன்னொருக்கா அளந்து பாத்திட்டு வெட்டுமன்” என்று நான் கத்தினால், “பாத்துக்கொண்டு நிண்டா பிந்திடும் அக்கா” என்பாள். பஸ்ஸுக்கும் அதே சொல், பால் பொங்குவதற்கும் அதே சொல். பிழையாகவும் வெட்டியிருக்கிறாள், அதற்கு என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டியும் இருக்கிறாள்.

அவள் போடுகிற சட்டைகளைப் பார்த்தால் தையல்காரி என்று யாரும் நம்பமாட்டார்கள். முன்பக்கம் அளவாக இருக்கும், முதுகில் மட்டும் துணி பை கட்டி நிற்கும். எங்கள் அறையில் ஒருத்திக்கு ஒருத்தி அளந்து தைப்பதுதான் வழக்கம். முதுகைத் தானே அளக்க யாருக்கு ஏலும்? அவள் மட்டும் ஒருவரிடமும் அளக்கக் கொடுக்கமாட்டாள். முன்னால் தானே அளந்து, பின்னால் குத்துமதிப்பாக வெட்டிக்கொள்வாள். இதைச் சொல்லி நாங்கள் கேலி செய்யாத நாளில்லை.

மகளிர் தினத்துக்கு எல்லோரும் ஒரே நிறச் சட்டை போடுவது என்று முடிவானது. இந்த முறை இவளுக்கு ஒழுங்காக ஒரு சட்டை தைத்துப் போடுவது என்று நானும் முடிவெடுத்தேன். கொட்டிப்போன பொத்தான்களை அவள் நிலத்தில் குனிந்து பொறுக்கி, வெட்டுமேசையருகே நிமிர்ந்த நேரம் பார்த்து, அளவு நாடாவோடு பின்னால் போய்த் தோளில் கையை வைத்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது, என் கன்னத்துக்குக் கீழே வெட்டுமேசை இருந்தது. வலக்கை முதுகுப் பக்கம் முறுகியிருந்தது. கழுத்தில் கடினமாக எதுவோ அழுத்தியது, அது அவளுடைய முழங்கை என்பது பிறகுதான் விளங்கியது. யாரோ ஒருத்தி என் பெயரைச் சொல்லி அலறினாள். உடனே பிடி விட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவள் நிலத்தில் இருந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு அழுதாள்.

“அக்கா, நோகுதோ அக்கா?”

“உயிர் இருக்கு. சட்டை அளவுதான் கிடைக்கேல்லை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வாய் அப்படிச் சொன்னாலும் எனக்குக் கொஞ்ச நாளைக்கு அவளுக்குப் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

அதன் பிறகு அவளே வந்து சொல்லத் தொடங்கினாள். ஒரே இருப்பில் சொல்லவில்லை. பொத்தான் தைக்கும்போது கொஞ்சம், தேத்தண்ணி குடிக்கும்போது கொஞ்சம். சம்பூரில் பிறந்தவள். பெரியபிள்ளையாகிக் கொஞ்ச நாளிலேயே, பள்ளிக்கூடம் விட்டு வந்த வழியில் இயக்கம் கொண்டுபோய்விட்டது. புத்தகப் பையை வழியிலே ஒரு வேலியில் கொழுவிவிட்டுப் போனாளாம், பின்னேரம் வந்து எடுக்கலாம் என்று.

காட்டுக்குள் துவக்கைக் கையில் கொடுக்க முதல் வெறுங்கைச் சண்டையைத்தான் படிப்பித்தார்கள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, நித்திரை கொள்ளும்போது, பயிற்சி கொடுக்கிறவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து கண்ணைப் பொத்துவார். பொத்தின உடனே குனிந்து, வந்த கையைப் பிடித்து, ஆளைத் தோளுக்கு மேலால் எறிந்து, விழுந்தவரின் கழுத்தில் முழங்காலைப் போட வேண்டும். யார் என்று திரும்பிப் பார்த்த பிள்ளைக்கு அன்று சாப்பாடு இல்லை. பார்த்தால் பிந்திவிடும், பிந்தினால் நீ இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவளுடைய அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கத்தரிக்கோலைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

சண்டை முடிந்தது. துவக்கைக் கையளித்தாள், சீருடையைக் கையளித்தாள். புனர்வாழ்வு முகாமில் தையல் படித்தாள். எல்லாம் கேட்டு வாங்கினவர்கள் அவளுடைய முதுகில் இருந்ததை மட்டும் கேட்டு வாங்கவில்லை.

கட்டைபறிச்சானில் கலியாணம் செய்துகொடுத்தார்கள். நல்ல மனிசன் என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள். அறைக்குள் வரும்போது செருமிக்கொண்டு வர அவர் பழகியிருந்தாராம். ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அவளும் பிள்ளையும் அவருடைய அக்காவின் வீட்டில் இருந்தார்கள்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டுப் படித்துக்கொண்டு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகிறதுதான். அவள் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டு இருந்திருக்கிறாள். பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு பூனை நடையில் பின்னால் வந்து, இரண்டு கையாலும் அம்மாவின் கண்ணைப் பொத்தியது. ‘ஆரெண்டு சொல்லுங்கோ’ என்று கேட்க இருந்தது. கேட்க முதலே தோளுக்கு மேலால் போய்க் கிணற்றுக்கட்டில் விழுந்தது.

“பிள்ளை அம்மா எண்டு கத்தினது அக்கா. அந்தச் சத்தத்திலதான் நான் கண்ணைத் திறந்தனான். என்ர முழங்கால் பாதியில நிண்டது. அது கத்தாமல் இருந்திருந்தா...”

அந்த வாக்கியத்தை அவள் ஒருநாளும் முடித்ததில்லை. நானும் முடிக்கவில்லை.

பிள்ளைக்கு முழங்கை உடைந்தது. ஆசுப்பத்திரியில் கேட்டபோது, “அம்மா விளையாட்டுக்கு எறிஞ்சவ, பிழையா விழுந்திட்டன்” என்று சொல்லியிருக்கிறது. கட்டுப்போட்டுக்கொண்டு வந்த அன்று மச்சாள்காரி, அவருடைய அக்கா, இவளைத் தனியே கூப்பிட்டாள். “எனக்கு உம்மில கோபமில்லை. ஆனா பிள்ளைக்கு ரெண்டு கையும் வேணும். உமக்கு இது சுகமாகட்டும், நானே கொண்டுவந்து தாறன்” என்றாளாம். அதில் என்ன பிழை சொல்ல முடியும்? கட்டாரில் இருந்தவரும் அதையே தொலைபேசியில் அழுது அழுது சொன்னார். அவள் ஒரு பையோடு பட்டினத்துக்கு வந்து, எங்கள் வீதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். எங்கள் மூலைக்கு வந்த கதை இதுதான். நான் அதைச் சுவருக்கு வாழ்க்கைப்பட்டது என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருடம் பஸ்ஸில் போய்வருகிற எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கரைச்சல் கூடிவிட்டது. இடிக்கிறவனும் கையைப் பிடிக்கிறவனுமாக ஒரே முறைப்பாடு. சங்கத்தில் ஒரு தற்காப்பு வகுப்பு வைத்தோம். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு விளையாட்டு ரீச்சர் வந்தா. அபாயாவும் பர்தாவுமாக, குள்ளமாக, சத்தமாகச் சிரிக்கிற மனுசி. எனக்குள் ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. எங்களிடம்தான் ஒருத்தி இருக்கிறாளே, இந்த ரீச்சருக்கே அவள் படிப்பிக்கலாமே என்று நினைத்தேன். அவளிடம் சொன்னேன்.

“எனக்குத் தெரிஞ்சது இது இல்லை அக்கா” என்றாள். “நான் படிக்க வாறன்.”

ரீச்சர் முதல் நாள் ஒரு குத்தும் காட்டவில்லை, உதையும் காட்டவில்லை. நிற்கத்தான் படிப்பித்தா.

“கரைச்சல் தாற ஆளிண்ட கைக்கு எட்டாத தூரத்தில நில்லுங்க. அவண்ட மூஞ்சப் பாக்காதீங்க, கையப் பாருங்க. ஒரு கால எப்பவும் வாசல் பக்கம் வைங்க. பிடிச்சா, பிடிய விடுவிச்சுக்கிட்டு ஓடுங்க. ஓடி வீட்டுக்குப் போய்ச் சேந்தா நீங்க வெண்டாச்சு.”

பெண்பிள்ளைகள் கைப்பிடியை உதறி உதறி ஓடிப் பழகினார்கள், அறை முழுக்கச் சிரிப்பு. அவள் மட்டும் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் அவளை நோக்கிப் போக, “ரீச்சர், பின்னால மட்டும் வராதேங்கோ” என்றாள். ரீச்சர் நின்றா. அவளுடைய நிலையை, கால் வைத்திருந்த விதத்தைப் பார்த்தா. எல்லோரும் போன பிறகு எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு, “உங்களுக்குப் படிப்பிச்சது எதிர்ல நிக்கிறவன முடிக்கிறதுக்கு, புள்ள. நான் படிப்பிக்கிறது நாம முழுசா வீட்டுக்குப் போறதுக்கு. அது வேற, இது வேற” என்றா.

“அதில ஆரெண்டு பாக்கக்கூடாது ரீச்சர்.”

“இதில அதத்தான் முதல்ல பாக்கணும். பஸ்ஸில கை பட்டா, வேணுமெண்டு பட்டதா, சனநெரிசல்ல பட்டதா? கிழவனா, புள்ளயா? அது தெரியாம எப்பிடிக் கையத் தூக்கிறது?”

“பாக்கிற நேரத்துக்கு என்ர கை போயிடும்.”

“அப்ப பாக்க வேணாம். கேளுங்க. ஆரோ தொட்டா, மூச்ச விட்டு, ‘ஆர்’ எண்டு வாயால கேளுங்க. அந்த ஒரு சொல்லுக்கு எடுக்கிற நேரம் போதும். அத மட்டும் நாம பழகுவம்.”

பழகத் தொடங்கினோம். வேலை முடிந்ததும் மெசின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளை நடுவில் ஒரு கதிரையில் இருத்துவோம். முதலில் கையால் தொட யாருக்கும் துணிவில்லை. துணி அளக்கிற நீளக் கோலால் தூரத்தில் நின்று தோளைத் தொட்டோம். கோல் பறந்தது. அடுத்த நாள் உடைந்தது. இப்படி எத்தனை கோல்களை உடைத்தாள் என்று சங்கத்தலைவிக்கு நான் சொல்லவேயில்லை. ஒவ்வொரு முறையும் கை போன பிறகுதான் “ஆர்?” என்ற சொல் வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் கதிரையில் போய் இருப்பாள்.

“இன்னொருக்கா அக்கா” என்பாள். எனக்கு அலுத்தாலும் அவளுக்கு அலுக்காது.

மாதங்கள் போயின. சொல்லும் கையும் ஒன்றாக வரத் தொடங்கின. பிறகு சொல் கொஞ்சம் முந்தியது. கோலை விட்டுக் கைக்கு வந்தோம். சனிக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலத்தால் சுற்றிக் கட்டைபறிச்சானுக்குப் போவாள். மச்சாள் பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிவருவாள். வேலிக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை, கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத் திரும்புவாள். வேலிக்குள்ளே போகவேண்டாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

கடைசியில் ஒருநாள் நான் பின்னால் போய் அவளுடைய கண்ணைப் பொத்தினேன். உடம்பு முழுக்க விறைத்தது. நெற்றிப்பொட்டு நரம்பு என் விரலில் அடித்தது. கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு, “ஆர்?” என்று கேட்டாள்.

“உம்மைத் திட்டுறவள்” என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்று அழுதேன். என் கைக்குள் அவளுடைய கண்ணும் நனைந்தது. அன்றைக்கே அளவு நாடாவை எடுத்து அவளுடைய முதுகை அளந்தேன். தோள் இவ்வளவு ஒடுக்கமா என்று இருந்தது.

அவளுக்கு அவசரம் இல்லை. இன்னும் பழக வேண்டும் என்று மேலும் சில கிழமைகளைக் கடத்தினாள். ரீச்சர்தான், போதும், பிள்ளையைக் கூப்பிடுங்க என்று அவளைத் தள்ளினா. நான் மச்சாளோடு தொலைபேசியில் கதைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நல்லவள், சொன்ன சொல்லை மறக்கவில்லை. வருகிற சனிக்கிழமை பிள்ளையின் உடுப்புகளோடே வருவதாகச் சொன்னாள்.

அந்தக் காலை ரீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப்போட்டி, வரமுடியவில்லை. அவள் தையல் அறையை இரண்டு தரம் கூட்டினாள். பலகாரம் வாங்கி மூடி வைத்தாள். பிறகு நாங்கள் பழகுகிற அந்தக் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. “பிள்ளை வந்து கண்ணைப் பொத்தட்டும் அக்கா. நான் ஆரெண்டு கேப்பன். அது சொல்லட்டும்” என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இவ்வளவு பாடும் பட்டாள்.

மச்சாள் வந்தாள், ஒரு கையில் உடுப்புப் பை, மற்றக் கையில் பிள்ளை. நன்றாக வளர்ந்திருந்தது, இரட்டைப் பின்னல். நான் பிள்ளையின் காதுக்குள், “ஓடிப்போய் அம்மாவின்ர கண்ணைப் பொத்துங்கோ” என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தது. வாசலிலேயே நின்றது.

“அம்மா, நான் வந்திட்டன்” என்று சத்தமாகச் சொன்னது.

“வாங்கோ குஞ்சு. பின்னால வந்து அம்மாவின்ர கண்ணைப் பொத்துங்கோ.”

“வேண்டாம் அம்மா. நான் முன்னால வாறன்.”

சுவரோரமாக, நிறைய இடம் விட்டு, பிள்ளை சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. வந்து தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தது. “அம்மா, கையை மடியில வையுங்கோ” என்றது. குரலில் ஒரு கோபமும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டது. அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தாள். பிள்ளை இன்னும் ஓர் அடி வந்து நின்றுகொண்டது. தாய் கையை நீட்டினாலும் படாத இடம். ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

“இப்ப நோகேல்லை அம்மா. பாருங்கோ, நல்லா மடக்கேலும்.” முழங்கையை மடக்கி மடக்கிக் காட்டியது. பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் பரிசு வாங்கியதைச் சொன்னது. காலைத் தூக்கி, அப்பா அனுப்பிய சப்பாத்தைக் காட்டியது. சிரித்துக்கொண்டுதான் கதைத்தது. அவள் ஓம் குஞ்சு, ஓம் குஞ்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பலகாரத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டது.

மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடுப்புப் பையைக் கொண்டுபோய் வெட்டுமேசையில் வைத்தாள். “பிள்ளையை வைச்சிரும். பின்னால ரெண்டு பேர் நிக்கிறம், நீர் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீர் மாறிட்டீர்.”

அவள் எழும்பவில்லை. எழும்பினால் பிள்ளை பின்வாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நான் மாறிட்டன் மச்சாள். பிள்ளையையும் மாத்திப்போட்டன். கூட்டிக்கொண்டு போங்கோ.”

“என்ன கதைக்கிறீர்? இதுக்குத்தானே இவ்வளவு காலமும்...”

“முதுகைப் பாத்துப் பாத்து ஒரு வீட்டில படுத்து எழும்புறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். அது பிள்ளைக்கு வேண்டாம். நான் சனிக்கிழமை சனிக்கிழமை வாறன். பயம் போகட்டும், பாப்பம்.”

மச்சாள் உடுப்புப் பையைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிள்ளை போய்வருகிறேன் என்று சொன்னது. தாயைப் பார்த்தபடியே, கையை ஆட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வாசலுக்குப் போனது. வாசலைத் தாண்டிய பிறகுதான் திரும்பி, மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி ஓடியது.

அவள் மடியில் வைத்த கைகளை எடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தேன்.

“ரீச்சருக்குச் சொல்லுங்கோ அக்கா” என்றாள். “அவ சொல்லித்தந்தது எல்லாத்தையும், ஒரு வகுப்புக்கும் வராமலே என்ர பிள்ளை படிச்சிட்டாள்.”